நல்ல கம்பெனிதான்... ஆனால், 700 ரூபாய் பெறுமா? சாத்தான்குளத்தில் ஓர் அத்தை - மருமகன் வழக்கு!

2021 நவம்பர் 23. சென்னையைச் சேர்ந்த லேட்டன்ட் வியூ அனலிட்டிக்ஸ் நிறுவனத்தின் பங்குகள் அன்றுதான் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தன. பெரிய நிறுவனங்களிடம் குவிந்து கிடக்கும் தகவல்களை அலசி, 'எந்தப் பொருள் விற்கும், எந்த வாடிக்கையாளர் விலகப்போகிறார்' என்று கணித்துச் சொல்லும் நிறுவனம் அது. வெளியீட்டில் ஒரு பங்கின் விலை 197 ரூபாய். மும்பைப் பங்குச் சந்தையில் அது வர்த்தகத்தைத் தொடங்கியதோ 530 ரூபாயில். அடுத்த சில நாட்களில் 700 ரூபாயையும் தாண்டியது.

சந்தைக்கு அது ஒரு வாரச் செய்தி. சாத்தான்குளத்தில் ஒரு வீட்டுக்கு அது மூன்று வார வழக்கு.

வழக்கின் ஒரு பக்கம், 26 வயது மருமகன். சென்னையில் மென்பொருள் வேலை. கொரோனாவால் வீட்டிலிருந்தே வேலை என்றானதும் லேப்டாப்போடு ஊருக்கு வந்தவன். லேட்டன்ட் வியூ வெளியீட்டில் 76 பங்குகள் கொண்ட ஒரு லாட்டுக்கு விண்ணப்பித்திருந்தான். விற்பனைக்கு வந்த பங்குகளைப்போல 300 மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்ததில் அவனுக்கு ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. கைக்கு வராமல் போனது கண்ணெதிரே மூன்று மடங்கு விலைக்குப் போனால், 26 வயதில் தூக்கம் வருமா?

மறுபக்கம், அவன் அத்தை. அஞ்சலக ஆர்.டி. முகவர். கடைக்காரர்கள், ஆசிரியைகள், தையல் மிஷின் போட்டுப் பிழைக்கும் பெண்கள் என ஊரில் பலரின் மாதச் சேமிப்பு அவர் கை வழியாகத்தான் தபால் நிலையத்துக்குப் போகிறது. கணவர் இல்லை. ஒரே மகள் நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள்.

வழக்குக்குக் காரணமான பணம் இதுதான். 2016 நவம்பரில் அத்தை 2 லட்சம் ரூபாயைத் தேசிய சேமிப்புப் பத்திரத்தில் போட்டிருந்தார். அன்றைய வட்டி 8 சதவீதம். ஐந்தாண்டு முடிந்து, 2 லட்சத்து 94 ஆயிரம் ரூபாயை ஒட்டி கைக்கு வந்திருந்தது. மகளின் இன்னும் மூன்று வருடப் படிப்புக்கான பணம். திரும்பவும் அதே பத்திரத்தில் போடலாம் என்றால் வட்டி 6.8 சதவீதமாக இறங்கியிருந்தது. ஆர்.டி.க்கு 5.8 சதவீதம்தான். கல்லூரிக் கட்டணம் மட்டும் இறங்கவில்லை.

"தபாலாபீஸ்ல போட்டா என்ன அத்தே கிடைக்கப்போவுது? இதுல போடுங்க. பாப்பா படிப்பு முடியும்போது கையில மிச்சமே நிக்கும்" என்றான் மருமகன்.

'ஏறியிருக்கு' வேறு, 'பெறும்' வேறு

அத்தை உடனே மறுக்கவில்லை. அதுதான் இந்த வழக்கில் ரசிக்க வேண்டிய விஷயம். பங்குச் சந்தை என்றாலே சூதாட்டம் என்று கதவைச் சாத்தும் ரகமில்லை அவர். தூத்துக்குடியைத் தலைமையிடமாகக்கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, 1921-ல் நாடார் வங்கியாகத் தொடங்கப்பட்டது. அதன் பங்குகளைத் தலைமுறையாக வைத்திருக்கும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. பங்கு என்றால் ஒரு தொழிலில் சிறு பாத்தியதை என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவர் கேட்டது ஒன்றுதான். "ஏல, ஏறியிருக்கு ஏறியிருக்குன்னு சொல்லுத. சரி. அது 700 ரூவா பெறுமா? அதைச் சொல்லு."

பனங்காட்டு ஊர்களில் இது பழகிய கேள்வி. உடன்குடிக் கருப்பட்டி ஆகட்டும், தேரிக்காட்டுப் பக்கம் ஒரு தோட்டம் ஆகட்டும், 'என்ன விலை சொல்லுதான்' என்பதோடு பேச்சு நிற்காது. 'அவ்வளவு பெறுமா' என்ற கேள்வி பின்னாலேயே வரும். விலை என்பது விற்பவர் சொல்வது. பெறுமானம் என்பது அந்தத் தோட்டம் வருடத்துக்கு எவ்வளவு கொடுக்கும், எத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்று வாங்குபவர் போடும் கணக்கு.

அந்தக் கணக்கைத்தான் அத்தை லேட்டன்ட் வியூவுக்கும் போடச் சொன்னார். மருமகன் போட்டான். நீங்களும் போடலாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

ஒரு பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால், முழு நிறுவனத்துக்கும் சந்தை சொல்லும் விலை கிடைக்கும். லேட்டன்ட் வியூவில் அப்போது இருந்தவை ஏறத்தாழ 19.8 கோடிப் பங்குகள். 197 ரூபாய் விலையில் மொத்த நிறுவனத்தின் மதிப்பு சுமார் 3,900 கோடி ரூபாய். 530-ல் சுமார் 10,500 கோடி. 700-ல் சுமார் 13,860 கோடி.

நிறுவனம் சம்பாதித்தது எவ்வளவு? 2020-21 நிதியாண்டில் நிகர லாபம் சுமார் 91.5 கோடி ரூபாய். ஆக, 197 ரூபாயில் வாங்கியவர் ஒரு வருட லாபத்தைப்போல 43 மடங்கு கொடுத்தார். 530-ல் வாங்கியவர் 115 மடங்கு. 700-ல் வாங்குபவர் 150 மடங்கு.

"தபாலாபீஸ் பத்திரம் 100 ரூவாய்க்கு 6 ரூவா 80 காசு தருது. அப்போ ஒரு வருச வட்டியைப்போல 15 மடங்கு குடுத்து நான் அதை வாங்குதேன். உன் கம்பெனியை 150 மடங்கு குடுத்து வாங்கச் சொல்லுத. பத்து மடங்கு கூட. அதுக்குக் காரணம் சொல்லு, போடுதேன்."

வடலிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

காரணம் இல்லாமல் இல்லை. மருமகன் சொன்னவற்றில் நியாயம் இருந்தது.

முதல் வாதம், வளர்ச்சி. தபால் நிலையம் தரும் 6 ரூபாய் 80 காசு, ஐந்து வருடமும் அதே விகிதம்தான். ஒரு நிறுவனத்தின் லாபம் வளரும். இன்று 91 கோடி சம்பாதிப்பது நாளை 200 கோடி சம்பாதிக்கலாம். இரண்டாவது, தொழிலின் தன்மை. 100 ரூபாய் வருமானத்தில் கிட்டத்தட்ட 30 ரூபாய் நிகர லாபமாக நின்றது. ஆலை கட்ட வேண்டாம், சரக்கு தேக்க வேண்டாம். படித்த பிள்ளைகளும் கணினியும் போதும். மூன்றாவது, அடோபி, ஊபர் போன்ற பெரும் நிறுவனங்கள் வாடிக்கையாளர்கள். தகவல் பகுப்பாய்வை மட்டுமே தொழிலாகக்கொண்டு இந்தியச் சந்தையில் பட்டியலான நிறுவனம் என்று அப்போது வேறு ஒன்றைச் சட்டெனச் சொல்லிவிட முடியாது.

"இது இப்ப வடலி, அத்தே. நீங்க மரத்துக்குப் போடுற கணக்கை வடலிக்குப் போடுறீங்க" என்றான்.

நல்ல வாதம். பனை மரம் பதநீர் கொடுக்கும் பருவத்துக்கு வர 15 வருடமாவது ஆகும். இளம் வடலியை அதன் இன்றைய வருமானத்தை வைத்து மதிப்பிட்டால் அதற்கு ஒரு பைசாகூடக் கொடுக்க முடியாது. வளரும் பொருளுக்கு இன்றைய வருமானத்தைவிடக் கூடுதலாகக் கொடுப்பதுதான் முறை.

அத்தை ஒப்புக்கொண்டார். "வடலிக்குக் கூடத்தான் குடுக்கணும். எவ்வளவு கூட? அது மரமான பிறகு என்ன பெறுமோ, அதை இன்னைக்கே குடுத்துட்டா, 15 வருசம் தண்ணி ஊத்துனவளுக்கு என்ன மிச்சம்?"

விவாதத்தின் திருப்பம் இதுதான். அதுவரை இருவரும் 'நிறுவனம் நல்லதா, இல்லையா' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்திலிருந்து, '700 ரூபாய் நியாயமாக இருக்க வேண்டுமானால் இனி என்னென்ன நடக்க வேண்டும்' என்பது கேள்வியானது.

ஆறு வருடம் ஓடினாலும் அதே இடம்!

மருமகன் எக்ஸெல் திறந்தான். லாபம் வருடத்துக்கு 25 சதவீதம் வளரும் என்று வைத்துக்கொண்டான். தாராளமான அனுமானம். வளர்ந்த பிறகும் சந்தை அந்த நிறுவனத்துக்கு லாபத்தைப்போல 40 மடங்கு கொடுக்கும் என்றும் வைத்துக்கொண்டான். அதுவும் தாராளம்தான்.

13,860 கோடி ரூபாய் மதிப்பு 40 மடங்காக இருக்க வேண்டுமானால், லாபம் சுமார் 346 கோடியாக இருக்க வேண்டும். 91.5 கோடி, வருடத்துக்கு 25 சதவீதம் வளர்ந்து அங்கே போய்ச் சேர ஆறு வருடம் ஆகும்.

அதாவது, அவன் நினைத்தபடியே எல்லாம் நடந்தாலும், ஆறு வருடம் கழித்தும் பங்கு அதே 700 ரூபாயில்தான் நிற்கும். அடிப்படை ஆண்டு கொரோனா ஆண்டு, 2021-22-ல் லாபம் ஒரேயடியாகக் கூடும் என்றும் சொல்லிப் பார்த்தான். கூடவும் செய்தது, அந்த ஆண்டு லாபம் 129 கோடி ரூபாயைத் தாண்டியது. அப்போதும் 700 ரூபாய் என்பது 107 மடங்கு.

இன்னொரு பக்கம், வெளியீட்டுக்கு முன் நிறுவனம் செபியிடம் கொடுத்த பிராஸ்பெக்டஸ். நூற்றுக்கணக்கான பக்கங்கள் என்பதால் விண்ணப்பிக்கும் பலரும் அதைத் திறப்பதில்லை. அதில் நிறுவனமே சொல்லியிருந்த சில விஷயங்கள் முக்கியமானவை. 2019-20-ல் 310 கோடி ரூபாயாக இருந்த வருமானம், 2020-21-ல் 306 கோடியாகச் சற்றே குறைந்திருந்தது. லாபம் கூடியிருந்தாலும் விற்பனை வளரவில்லை. வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அமெரிக்காவிலிருந்து வந்தது. பாதிக்கும் மேற்பட்ட வருமானம் முதல் ஐந்து வாடிக்கையாளர்களைச் சார்ந்திருந்தது.

எதையும் நிறுவனம் மறைக்கவில்லை. 197 ரூபாய் விலையை வைத்ததும் அதுதான். 700 ரூபாயாக்கியது, கிடைக்காதவர்களின் அவசரம்.

அத்தைக்கு இந்த ஐந்து வாடிக்கையாளர் கணக்கு உடனே பிடிபட்டது. "என் கார்டுல பாதிப் பணம் அஞ்சு பேரோடதா இருந்தா, அதுல ஒருத்தரு நிறுத்துனா அந்த மாசம் எனக்கு என்ன கமிஷன் வரும்?"

வங்கிக்கு ஒரு கணக்கு, மென்பொருளுக்கு ஒரு கணக்கு

அடுத்த வருடமே இந்த வட்டாரத்துக்கு ஓர் ஒப்பீடு கிடைத்தது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஒரு பங்கு 510 ரூபாய் என்று வெளியீடு கொண்டுவந்தது. அந்த விலையில் வங்கியின் மதிப்பு ஏறத்தாழ 8,000 கோடி ரூபாய். 2021-22-ல் வங்கியின் லாபம் 822 கோடி ரூபாய். அதாவது, சுமார் 10 மடங்கு.

822 கோடி சம்பாதிக்கும் நூற்றாண்டு வங்கிக்கு 8,000 கோடி. 91 கோடி சம்பாதித்த மென்பொருள் நிறுவனத்துக்குச் சில நாட்கள் 13,800 கோடி. கேட்டால் அநியாயமாகத் தோன்றும். ஆனால், இதில் ஒரு பாதி நியாயம் உண்டு. வங்கி வளர வேண்டுமானால் கடன் கொடுக்க வேண்டும். அதற்கு மேலும் மேலும் மூலதனம் வேண்டும். கொடுத்த கடன் வராமலும் போகலாம். மென்பொருள் நிறுவனம் அவ்வளவு மூலதனம் இல்லாமலே வளர முடியும். அதனால் அதன் ஒரு ரூபாய் லாபத்துக்குச் சந்தை கூடுதலாகக் கொடுக்கிறது. எவ்வளவு கூடுதல் என்பதில்தான் எல்லா வழக்கும்.

அத்தையின் '15 மடங்கு' அளவுகோலிலும் குறை உண்டு. அதை அப்படியே பிடித்துக்கொண்டால், வேகமாக வளரும் நிறுவனம் எதையும் எப்போதும் வாங்க முடியாது. 197 ரூபாயைக்கூட அது நிராகரித்திருக்கும். விலை குறைவாக இருப்பது மட்டுமே நியாயம் என்று நினைப்பதும் ஒரு தவறுதான்.

பணம் எங்கே போனது?

டிசம்பர் நடுவில் வழக்கு முடிந்தது. மகளின் கட்டணப் பணம் முழுவதும் அஞ்சலக டைம் டெபாசிட்டுக்குப் போனது. வட்டி 5.5 சதவீதம்தான். ஆனால், ஒவ்வொரு ஜூனிலும் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய தேதியில் பணம் அங்கே இருக்கும். மருமகன் தன் சம்பளத்திலிருந்து 50 பங்குகளை 690 ரூபாய்க்கு வாங்கினான். 34,500 ரூபாய். கணக்கைப் போட்டவனும் அவன்தான். கணக்கை மீறி வாங்கியவனும் அவன்தான். கிடைக்காமல் போன 76 பங்குகள் மனதில் கிடந்தால் எக்ஸெல் என்ன செய்யும்?

2022-ல் உலகம் முழுவதும் வட்டி விகிதங்கள் ஏறத் தொடங்கின. வைப்புத்தொகையிலேயே நல்ல வட்டி கிடைக்கும்போது, 'பத்து வருடம் கழித்து வரும் லாபம்' என்ற வாக்குறுதிக்கு முதலீட்டாளர்கள் கொடுக்கும் விலை குறையும். தொழில்நுட்பப் பங்குகள் எங்கும் சரிந்தன. சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸும் தப்பவில்லை. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் 36 டாலருக்கு வெளியீடு கண்டு 43.50 டாலரில் தொடங்கிய பங்கு, அடுத்த வருடம் 20 டாலருக்குக் கீழே போனது.

2023 தொடக்கத்தில் லேட்டன்ட் வியூ 350 ரூபாய்க்கும் கீழே கிடைத்தது. அப்போது அத்தையே மருமகனைக் கூப்பிட்டார். "இப்ப எத்தனை மடங்குல?" லாபம் 155 கோடி ரூபாயாக வளர்ந்துகொண்டிருந்தது. 340 ரூபாய் விலையில் சுமார் 45 மடங்கு. தபாலாபீஸ் அளவுகோலில் அதுவும் அதிகம்தான். ஆனால், வடலி வளர்ந்திருந்தது, விலை இறங்கியிருந்தது. யாருக்கும் எந்தத் தேதியிலும் கொடுக்க வேண்டியிராத 10,200 ரூபாயில் 30 பங்குகள் வாங்கினார்.

2024-25 நிதியாண்டில் நிறுவனத்தின் வருமானம் சுமார் 848 கோடி ரூபாய். லாபம் 170 கோடியைத் தாண்டியது. 2025-ல் பங்கு 400 ரூபாயை ஒட்டி நடந்த நாட்களில் கணக்குப் போட்டால் 47 மடங்கு. நான்கு வருடத்தில் லாபம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. 197 ரூபாய்க்கு வெளியீட்டில் வாங்கியவரின் பணமும் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அதே நிறுவனம், அதே நான்கு வருடம். 690-ல் வாங்கிய மருமகனின் 34,500 ரூபாய், 20,000 ரூபாயாக நின்றது. அத்தையின் 10,200 ரூபாய், 12,000 ஆனது. வருடக் கணக்கில் பார்த்தால் தபாலாபீஸ் கொடுத்திருக்கும் அளவுதான்! அதை அவரே சொல்லிச் சிரிக்கிறார்.

இன்ஃபோசிஸுக்கே ஆறு வருடம்

'நல்ல நிறுவனம் என்றால் எந்த விலைக்கும் வாங்கலாம், காலம் சரிசெய்துவிடும்' என்பவர்களுக்கு இந்தியச் சந்தையில் பெரிய பாடம் ஒன்று உண்டு. 2000 மார்ச்சில், டாட்காம் மோகத்தின் உச்சத்தில், இன்ஃபோசிஸ் பங்கு லாபத்தைப்போல 200 மடங்குக்கு மேல் விலைபோனது. அந்த நிதியாண்டில் அதன் லாபம் சுமார் 294 கோடி ரூபாய். ஆறு வருடத்தில் அது 2,450 கோடியைத் தாண்டியது. எட்டு மடங்குக்கு மேல் வளர்ச்சி! இதைவிட நல்ல நிறுவனம் எங்கே கிடைக்கும்? ஆனாலும், உச்சத்தில் வாங்கியவர் தன் முதலை மீண்டும் பார்க்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காலம் சரிசெய்தது. ஆனால், காத்திருக்க முடிந்தவர்களுக்கு மட்டும். நடுவில் கல்யாணமோ, ஆஸ்பத்திரிச் செலவோ, கல்லூரிக் கட்டணமோ வந்தவர்கள் பாதி விலைக்கு விற்றுவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களுக்கு இன்ஃபோசிஸ் கடைசிவரை நஷ்டக் கணக்குதான்.

ஒரு பங்கு நியாயமான விலையில் இருக்கிறதா என்பதற்கு யாரிடமும் ஒரே ஒரு சரியான எண் கிடையாது. சந்தை நிபுணர்களே ஆளுக்கொரு விலை சொல்வார்கள். லேட்டன்ட் வியூவை வாங்கச் சொல்லியோ, விற்கச் சொல்லியோ இங்கே எதுவும் சொல்லப்படவில்லை. ஆனால், விலையை லாபத்தால் வகுத்து, அந்த மடங்கு நியாயமாக இருக்க எத்தனை வருடம் என்ன வேகத்தில் வளர வேண்டும் என்று எழுதிப் பார்க்க ஒரு போன் போதும். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் பிராஸ்பெக்டஸும் பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அதன் பிறகு மிஞ்சும் கேள்வியை எந்த அறிக்கையும் சொல்லாது: அத்தனை வருடம் இந்தப் பணத்தை வேறு யாரும் கேட்காமல் இருப்பார்களா? சாத்தான்குளத்து மகள் 2024-ல் நர்சிங் முடித்துவிட்டாள். ஒரு ஜூனிலும் கட்டணத் தேதி தவறவில்லை.